கணினி அறிவியலில் மூன்று பட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலை, முதுநிலை, முனைவர் என்று மூன்று பட்டமும் கணினி அறிவியலிலேயே வாங்கியவள் நான். வகுப்பு முடிந்ததும் கதவருகே காத்திருப்பவர்கள், நடுராத்திரியில் செய்தி அனுப்புபவர்கள், பிள்ளைக்காகக் கேட்கும் பெற்றோர் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்வது எனக்கே நிறைவாக இல்லை. அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்க மொத்தம் எத்தனை வருஷம் படிச்சீங்க?

பத்தரை ஆண்டு. இளநிலை 3, முதுநிலை 2, முனைவர் பட்டம் ஐந்தரை. இளநிலைக்கும் முதுநிலைக்கும் நடுவே 2 ஆண்டு வேலை பார்த்தேன். இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். இளநிலையே 4 ஆண்டு நடக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, முதுநிலையை ஓராண்டில் முடிக்கும் இடங்களும் உண்டு. முனைவர் பட்டத்தை மூன்றே ஆண்டில் முடித்தவர்களையும் தெரியும், ஏழைத் தாண்டியவர்களையும் தெரியும்.

என் ஆராய்ச்சி நிரல் சரிபார்ப்பில். ஒரு நிரலுக்கு எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் அது சரியாகவே நடக்கும் என்று கணித முறையில் நிரூபிக்கும் துறை அது. நான் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்னா புரோகிராமிங்தானே? அதை வீட்டிலேயே கத்துக்கலாமே, காலேஜ் எதுக்கு?

நிரல் எழுதுவதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், அதில் சந்தேகமே வேண்டாம். என்னைவிட வேகமாகவும் அழகாகவும் நிரல் எழுதும் சிலர் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள்.

ஆனால் இந்தத் துறையின் கேள்விகள் வேறு. 1936-இல் கணித அறிஞர் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது இன்றைய மாதிரிக் கணினியே கிடையாது. தாள், பென்சில், ஒரு கற்பனை இயந்திரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே, எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கணக்குகள் உண்டு என்று காட்டிவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒருநாள் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொதுவான முறை கிடையாது என்பது அந்த வேலையிலிருந்து வந்த முடிவு. 1971-இல் ஸ்டீபன் குக் வைத்த கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது: விடையைச் சரிபார்ப்பது எளிதாக இருக்கும் கணக்குகளுக்கெல்லாம் விடையைக் கண்டுபிடிப்பதும் எளிதா? எதைக் கணக்கிட முடியும், எவ்வளவு நேரத்தில் முடியும், வந்த விடை சரிதான் என்று எப்படித் தெரியும் என்கிற மூன்றும்தான் படிப்பின் உள்ளே இருப்பவை. நிரல் எழுதுவது அங்கே போகும் வண்டி.

ஸ்கூல்ல கம்ப்யூட்டரையே தொட்டதில்லை. சேர்ந்தா தாக்குப்பிடிப்பேனா?

பிடிப்பீர்கள். முதல் இரண்டு மாதம் பக்கத்தில் இருப்பவர் வேகமாகத் தட்டச்சு செய்வதைப் பார்த்து மிரட்சியாக இருக்கும். முதல் ஆண்டு முடிவதற்குள் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடும், என் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

எந்தக் கணக்கு வராது என்று முதலில் பாருங்கள். பள்ளியில் சூத்திரத்தை மனப்பாடம் செய்து வேகமாகப் போட வேண்டிய கணக்கில் தடுமாறியவர்கள், இங்கே தர்க்கத்திலும் எண்ணிக்கைக் கணிதத்திலும் நன்றாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். கணங்கள், உறவுகள், கிராஃப் எனப்படும் வரைபடங்கள், தூண்டல் முறை (மேத்தமேட்டிகல் இண்டக்ஷன்) நிரூபணம், நிகழ்தகவு, அணிகள் இவைதான் திரும்பத் திரும்ப வரும். இயந்திரக் கற்றல் பக்கம் போனால் வகை நுண்கணிதமும் வேண்டும்.

அதே சமயம், கணக்கே வேண்டாம் என்று ஓடி வருபவர்களுக்கு இந்தப் படிப்பு தோதுப்படாது. இரண்டாம் ஆண்டில் 'இந்த முறை எல்லா உள்ளீட்டுக்கும் சரியாக வேலை செய்யும் என நிறுவுக' என்று கேள்வித்தாளில் வரும்போது ஓட இடம் இருக்காது. சேருமுன் ஒரு மாதம் தூண்டல் முறையை மட்டும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். அது பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இளநிலையில படிச்சதுல எது கடைசி வரைக்கும் உதவுச்சு?

இருபாதித் தேடல், பைனரி சர்ச் என்பார்கள். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட வேண்டும். நடுவில் பார், தேடுவது அதைவிடச் சின்னது என்றால் இடப்பக்கப் பாதி, பெரியது என்றால் வலப்பக்கப் பாதி. 1000 பெயர் இருந்தால் 10 முறை பார்த்தால் போதும், 10 லட்சம் இருந்தால் 20 முறை. ஆசிரியர் கரும்பலகையில் எட்டே வரிகளில் எழுதினார். அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பல ஆண்டு கழித்துத்தான் அதன் வரலாற்றைப் படித்தேன். இந்த முறை முதன்முதலில் அச்சில் வந்தது 1946-இல். எந்த அளவுப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் வேலை செய்யும் வடிவம் அச்சேற அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. என் மூன்று பட்டங்களிலும் இந்த எட்டு வரி என்னைத் துரத்திக்கொண்டே வந்தது. முதலில் மனப்பாடம் செய்தேன், அப்புறம் அதில் அடிபட்டேன், கடைசியில் அது சரி என்று நிரூபித்தேன்.

ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆயிட்டேன். மேல படிக்கிற ஆசை அவ்வளவுதானா?

நானும் ஒரு பாடத்தில் தோற்றேன், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் எனப்படும் கணிப்புக் கோட்பாட்டில். மேலே டூரிங் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறேனே, அந்தப் பாடம்தான். ஒரு மொழியை (இங்கே மொழி என்றால் சொற்களின் தொகுப்பு) வரம்புள்ள தானியங்கியால், அதாவது நினைவு குறைவான எளிய கற்பனை இயந்திரத்தால், அடையாளம் காண முடியாது என்று காட்ட உதவும் பம்ப்பிங் லெம்மா என்ற துணைத் தேற்றத்தை நான் விடை மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேள்வியில் மொழியை மாற்றிவிட்டார்கள், கை நின்றுவிட்டது.

மறுதேர்வுக்குப் படிக்கும்போது ஒரு தோழி வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். எதிராளி ஒரு எண்ணைச் சொல்வான், நீ மொழியிலிருந்து அதைவிட நீளமான ஒரு சொல்லைத் தேர்ந்தெடு, அவன் அதை எப்படி வெட்டினாலும் நீ நடுத்துண்டைத் திரும்ப எழுதி அவனை மொழிக்கு வெளியே தள்ள வேண்டும், இது ஒரு ஆட்டம் என்றாள். ஒரே மாலையில் புரிந்தது. முதுநிலைக்கு நேர்காணல் செய்தவர்கள் அந்தத் தோல்வியைக் கேட்கத்தான் கேட்டார்கள். அப்புறம் அதே லெம்மாவை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். ஒரு பாடத்தில் தோற்றதை மறைக்காதீர்கள். அதை இப்போது கரும்பலகையில் நின்று நடத்த முடிகிற அளவுக்குப் படித்துவிடுங்கள்.

வேலை கிடைச்ச பிறகு ஏன் விட்டுட்டுப் படிக்க வந்தீங்க?

வேலையில் நானே எழுதிய ஒரு பிழையால்.

பெரிய பதிவுக் கோப்பு ஒன்று, நேர வரிசையில் இருக்கும். குறிப்பிட்ட நேரத்துப் பதிவைக் கண்டுபிடிக்க, கோப்பின் பைட் இடங்களை வைத்து இருபாதித் தேடல் எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலை நிரல் விழுந்தது. பிழைச் செய்தியில் இருந்த கோப்பு இடம்: −99,74,83,648. கோப்பில் எதிர்மறை இடம் எப்படி வரும்? மதியம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் எல்லை 110 கோடி, மேல் எல்லை 120 கோடி. நடு இடத்தைக் காண இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கிறேன். கூட்டினால் 230 கோடி. ஆனால் எதிர்மறை எண்களுக்கும் இடம் வைக்கும் 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அதைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் போய்விட்டது. கோப்பு 1 ஜிபிக்குள் இருந்தவரை அந்தக் கூட்டல் எல்லையைத் தொடவே இல்லை, அதனால்தான் ஒரு வருடமும் தப்பியது. திருத்தம் ஒரே வரி: இரண்டையும் கூட்டாமல், வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு சேர்க்க வேண்டும்.

இதே பிழை ஜாவா மொழியோடு வரும் நிலையான நிரல் நூலகத்திலேயே ஒன்பது ஆண்டுபோல இருந்ததாக ஜோஷுவா பிளாக் 2006-இல் எழுதியிருந்ததை அன்று இரவு படித்தேன். அவரே எழுதிய நிரல் அது. எனக்கு ஆறுதலாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எட்டு வரி நிரலைச் சரி என்று சொல்ல எத்தனை பரிசோதனை செய்தால் போதும்? பரிசோதிக்காமலே உறுதியாகச் சொல்ல வழி இருக்கிறதா? அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு நேரம் கிடையாது. அதனால் கிளம்பினேன்.

நடுவுல இடைவெளி விட்டா மறுபடி படிப்பு ஏறுமா? வயசு வேற ஆகுது.

முதல் அரையாண்டு கஷ்டம். இரண்டு மணி நேரம் அசையாமல் ஒரு பக்கத்தைப் படிக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் எதற்காகப் படிக்கிறேன் என்று தெரிந்து உட்கார்ந்ததால், இளநிலையில் தேர்வுக்காகப் படித்ததைவிட ஆழமாக ஏறியது.

வயதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதல் முனைவர் பட்டம் வாங்கிய இருவரில் ஒருவர் சகோதரி மேரி கென்னத் கெல்லர், ஒரு கன்னியாஸ்திரி. 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 51. இருபத்தாறு வயதில் 'லேட் ஆயிடுச்சு' என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

முதுநிலைன்னா இளநிலையோட அடுத்த ரெண்டு வருஷம், அவ்வளவுதானே?

பாடத் தலைப்புகளைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்: மேம்பட்ட அல்காரிதம், மேம்பட்ட ஆபரேட்டிங் சிஸ்டம் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் 'மேம்பட்ட' இருக்கும். உண்மையான மாற்றம், பாடநூலை விட்டு ஆய்வுக் கட்டுரைக்குப் போவது. பாடநூல் உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எழுதியது. ஆய்வுக் கட்டுரை அதே துறையில் இருக்கும் இன்னொருவருக்கு எழுதியது.

எனக்குக் கொடுத்த முதல் கட்டுரை டோனி ஹோர் 1969-இல் எழுதியது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எது உண்மை, பின்னால் எது உண்மை என்று எழுதி, நிரல் சரி என்பதை வடிவியல் தேற்றம் போல நிறுவும் முறை அதில் இருக்கிறது. ஒரு சில பக்கம்தான். படித்து முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. ஒவ்வொரு விதியையும் கையால் எழுதி, சின்ன நிரல் ஒன்றில் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த பத்திக்குப் போனேன். பதினோராம் நாள் என் எட்டு வரித் தேடலை எடுத்து அந்த விதிகளில் போட்டேன். கூட்டல் எல்லை மீறாது என்று எழுத வேண்டிய இடத்தில் எழுத முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு வருடம் ஒளிந்திருந்த பிழை தாளில் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றது. அந்த மதியம்தான் எனக்கு இந்தத் துறையின் மேல் தீராத பிரியம் வந்தது.

மாணவர் வேலைதானே என்று முதுநிலையை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மின்சுற்றுகளை, உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்கிடும் பூலியன் இயற்கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று கிளாட் ஷானன் காட்டியது 1937-இல் அவர் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில். டேவிட் ஹஃப்மன் 1951-இல் இறுதித் தேர்வுக்குப் பதிலாக எழுதிய பருவக் கட்டுரையில் கண்டுபிடித்த குறியீட்டு முறை இன்றைக்கும் ஜிப் கோப்புகளிலும் ஜேபெக் படங்களிலும் வேலை செய்கிறது.

நான் வேற டிகிரி. முதுநிலைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரலாமா?

தாராளமாக. மேலே சொன்ன ஹோர் இளநிலையில் படித்தது பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவர். அல்காரிதம் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற டொனால்ட் நூத்தின் பட்டங்கள் எல்லாமே கணிதத்தில்.

சேருமுன் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், கணினியின் உள் அமைப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம் நான்கையும் சொந்தமாகவாவது படித்துவிடுங்கள். இந்த நான்கும் தெரியாமல் வந்தவர்கள் முதல் பருவத்தில் படும் பாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும்.

பிஎச்.டி. பண்ணாத்தான் பெரிய ஆள் ஆக முடியுமா?

இல்லை. யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய கென் தாம்சனிடம் இருப்பது இளநிலையும் முதுநிலையும் மட்டும். ராபின் மில்னர் முனைவர் பட்டம் இல்லாமலே பேராசிரியராகி டூரிங் விருதும் பெற்றார். நான் சொன்ன ஹோரும் முனைவர் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் இல்லை.

ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்து, அதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றால் முனைவர் ஆய்வுக்கு வாருங்கள். பேருக்கு முன்னால் எழுத்து வேண்டும், அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, வேலை கிடைக்கவில்லை என்கிற காரணங்களால் வந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மிகவும் கஷ்டப்பட்டார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் கிடையாது. காலையில் எழுந்து உட்கார ஒரு காரணம் வேண்டும், அது அவர்களிடம் இல்லை.

ஆராய்ச்சித் தலைப்பை எப்படிப் பிடிச்சீங்க?

தலைப்பாகப் பிடிக்கவில்லை, எரிச்சலாகப் பிடித்தேன். மற்றவர்கள் எழுதிய நிரூபணங்களைப் படிக்கும்போது ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வந்தது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் நிரூபணத்தில் நூறு வரி உடைந்துபோகும். ஏன் நூறு? எது உண்மையாகவே உடைகிறது, எது சும்மா கூட விழுகிறது? இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டே இருந்தேன். எட்டாம் மாதம் அந்தக் குறிப்புகளைக் காட்டியபோது, "இதுதாம்மா உன் தலைப்பு" என்றார் என் நெறியாளர்.

புதிதாக வருபவர்கள் பிரபலமான தலைப்பைத் தேடிப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஆயிரம் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு எங்கே எரிச்சல் வருகிறது என்று பார்ப்பது இன்னும் நல்ல வழி.

கைடு எப்படிப் பார்த்து எடுக்கணும்?

அவர் பெயரைவிட, அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்கிறார்? எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார்? அவர் சொன்னது தவறு என்று யாராவது காட்டினால் என்ன செய்வார்? மூன்றாவதற்கு மாணவர் தயங்கினால் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் நெறியாளர் ஒருநாள் கரும்பலகையில் தான் எழுதிய தேற்றத்தில் நான் ஓட்டை கண்டுபிடித்ததும், துடைப்பானை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவரிடம் ஐந்தரை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அந்தக் குணம்தான் காரணம்.

பிஎச்.டி.ல தினமும் என்னதான் செய்வீங்க?

வீட்டில் கேட்கும் கேள்வியும் இதுதான். படிப்பது, யோசிப்பது, எழுதுவது, எழுதியதைக் கிழிப்பது. பட்டம் ஏற ஏற நிரல் எழுதுவது குறைந்து, மொழியில் எழுதுவது கூடிக்கொண்டே போகும். இதை யாரும் முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆண்டில் என் நேரத்தில் பாதிக்கு மேல் வாக்கியங்களைத் திருத்துவதில் போனது.

என் துறையில் ஒருநாள் வேலையைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால், மறுபடியும் அந்த எட்டு வரிதான். தேடல் சரி என்று நிறுவ, திரும்பத் திரும்ப நடக்கும் சுழலின் (லூப்) ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கும் ஒரு உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும்: 'தேடும் பொருள் பட்டியலில் இருந்தால், அது கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில்தான் இருக்கும்.' சுழல் தொடங்கும்போது இது உண்மை. பாதியைத் தூக்கிப் போட்ட பிறகும் உண்மை. எல்லைகள் ஒன்றையொன்று தாண்டியதும், பொருள் இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த மாறாநிலையை இன்வேரியன்ட் என்பார்கள். எட்டு வரிக்கு இதைக் கண்டுபிடிப்பது ஒரு மதிய வேலை. ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு? 2009-இல் வெளிவந்த எஸ்இஎல்4 என்கிற மைக்ரோகெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மிகச் சிறிய உள்மையம்) சுமார் 8,700 வரி சி நிரல் இருந்தது. அது சரி என்பதற்கான நிரூபணம் 2 லட்சம் வரி அளவுக்குப் போனது. என் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பேப்பர் ரிஜெக்ட் ஆயிடுச்சு. எனக்குத் தகுதி இல்லையோ?

கணினி அறிவியலில் ஒரு தனி வழக்கம் உண்டு. மற்ற பல துறைகளில் ஆய்விதழ்தான் பெரிது, இங்கே மாநாட்டுக் கட்டுரைக்கு அதே மதிப்பு. மாநாட்டுக்குக் கடைசித் தேதி இருக்கும், இடம் குறைவாக இருக்கும், மூன்று நான்கு பேர் படித்துக் கருத்து எழுதுவார்கள். நல்ல கட்டுரையும் திரும்பி வரும். என் முதல் கட்டுரை மூன்று மாநாடுகளில் திரும்பி, நான்காவதில் ஏறியது.

மதிப்புரை வந்த அன்று படித்துவிட்டு மூடி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்து, ஒவ்வொரு குறைக்கும் நேரே 'அவருக்கு ஏன் அப்படிப் புரிந்தது' என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது தடவை ஒருவர் என் முக்கியத் தேற்றத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். கோபமாக வந்தது. அப்புறம் பார்த்தால், அதை விளக்கும் உதாரணத்தை நான் ஏழாம் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு யாரும் அதைத் தவறாகப் படிக்கவில்லை.

மூணாவது வருஷம் ஓடுது, கையில ஒண்ணும் இல்ல. விட்டுடலாமா அக்கா?

இந்தக் கேள்விதான் நடுராத்திரியில் வருவது. முதலில், இன்று இரவு முடிவு எடுக்க வேண்டாம்.

காலையில் எழுந்து ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: வெறுப்பு கேள்வியின் மேலா, சூழ்நிலையின் மேலா? கேள்வியே செத்துப்போய்விட்டது என்றால் தலைப்பை மாற்றலாம், மூன்றாம் ஆண்டில் மாற்றி முடித்தவர்கள் இருக்கிறார்கள். நெறியாளர் தொல்லை என்றால் ஆளை மாற்ற வழி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். உடம்போ மனசோ சரியில்லை என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், ஆய்வேடு காத்திருக்கும். இது எதுவும் இல்லாமல், வேறொன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் இழுக்கிறது என்றால் போகலாம். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் முனைவர் ஆய்வை நடுவில் நிறுத்திவிட்டு முதுநிலைப் பட்டத்தோடு கிளம்பியவர்கள். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1968-இல் ஆய்வேட்டை எழுதியே முடித்துவிட்டார். பைண்டு செய்த பிரதியைக் கொடுக்காததால் பட்டம் வரவில்லை. அவர் செய்த வேலையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் விடவில்லை. மூன்றாம் ஆண்டு எனக்கும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. முழு நிரலுக்கும் முயற்சி செய்வதை நிறுத்திவிட்டு, பதினைந்து வரி நிரலுக்கு மட்டும் என் முறையை வேலை செய்ய வைத்தேன். அந்தப் பதினைந்து வரியிலிருந்துதான் மீதி எல்லாம் வளர்ந்தது. ஆனால் நான் விடவில்லை என்பதால் நீங்களும் விடக்கூடாது என்று சொல்ல மாட்டேன்.

நிரூபிச்சு என்ன ஆகப்போகுது மேடம்? டெஸ்ட் பண்ணாலே போதுமே?

2015-இல் நடந்ததைச் சொல்கிறேன். டிம்சார்ட் என்று ஒரு வரிசைப்படுத்தும் முறை, 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தான் மொழிக்காக எழுதியது. பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போனது. உலகமெங்கும் தினமும் ஓடியது, பரிசோதனைக்குக் குறைவே இல்லை. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் கீ என்ற கருவியை வைத்து அது சரி என்று நிரூபிக்க முயன்றார்கள். நிரூபணம் ஓரிடத்தில் முடியவில்லை. ஏன் என்று பார்த்தால், நான் மேலே சொன்ன மாதிரி அந்த முறை நம்பியிருந்த ஒரு மாறாநிலை சில சமயம் உடைந்தது. அதை வைத்து, சுமார் 6.7 கோடி உறுப்புள்ள பட்டியல் ஒன்றைக் கட்டி ஜாவாவின் வரிசைப்படுத்தியை விழவைத்தும் காட்டினார்கள். திருத்தம் சொல்லி, திருத்திய வடிவம் சரி என்றும் நிரூபித்தார்கள்.

எல்லா நிரலுக்கும் இது வேண்டாம். ஒரு சாதாரண இணையப் பக்கத்துக்கு நிரூபணம் எழுதச் சொன்னால் நானே தடுப்பேன். விமானம், மருத்துவக் கருவி, கோடிக்கணக்கான பேர் நம்பும் நூலகம் என்று வரும்போது பரிசோதனை மட்டும் போதாது.

இப்ப ஏஐயே கோட் எழுதுது. இனிமே இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கா?

பெற்றோர் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். வேலைச் சந்தை ஐந்து ஆண்டில் எப்படி இருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு நான் சொன்னதைப் பாருங்கள். நிரல் எழுதுவதுதான் படிப்பு என்று வருபவருக்கு இனி இடம் சுருங்கும் என்றே நினைக்கிறேன். எழுதியது சரிதானா என்று கேட்பவருக்கு வேலை கூடும். இருபாதித் தேடலை எழுதச் சொன்னால் இயந்திரம் நொடியில் எழுதித் தருகிறது, பெரும்பாலும் நன்றாகவே. ஆனால் என் கோப்பு 1 ஜிபியைத் தாண்டும் என்று யார் அதற்குச் சொல்வது? எந்த எல்லை வரைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? டூரிங் போட்ட எல்லைக்கோடு, மனிதர் எழுதிய நிரலுக்கும் இயந்திரம் எழுதிய நிரலுக்கும் ஒன்றுதான். என் மாணவர்களிடம் இப்போது தேர்வில் நிரல் எழுதச் சொல்வதைக் குறைத்துவிட்டேன். நிரலைக் கொடுத்து, இது எந்த உள்ளீட்டில் உடையும், உடையாது என்றால் ஏன் என்று கேட்கிறேன். அவர்களுக்கு அது எழுதுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மறுபடி முதல்ல இருந்து படிச்சா எதை மாத்துவீங்க?

இளநிலையிலேயே கேள்வி கேட்டிருப்பேன். கரும்பலகையில் அந்த எட்டு வரியை ஆசிரியர் எழுதி முடித்ததும், "சந்தேகம் இருக்கா?" என்று திரும்பினார். வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும் குறிப்பேட்டை மூடினேன். கூட்டல் வரியைக் காட்டி, "சார், இந்த எண் ரொம்பப் பெருசானா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டிருப்பேன்.